சிலியில் உயர்த்திய கை

கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது, எரிந்த டயரின் புகை பின்கண்ணாடியில் மெலிந்து நூலாகி அறுந்துபோயிற்று, ரோட்டின் இரண்டு பக்கமும் மறுபடி பச்சைப் புல்லும் கொழுத்த மாடுகளும் வந்துவிட்டன, ஆனாலும் நஞ்சப்பனின் வலது கை மட்டும் அந்த மறியல் நடந்த இடத்திலேயே இறங்கி நின்றுவிட்டது போலவும், மடியில் கிடப்பது வேறு யாருடையதோ போலவும் இருந்தது. விரல்களைப் பிரித்துப் பார்த்தார். பிரிந்தன. எழுபது தாண்டிய கை. கோயமுத்தூர் மில்லில் அறுந்த நூலை முடிந்து முடிந்து காய்த்துப்போன கட்டைவிரல். அதற்கப்புறம் எத்தனையோ கேட் வாசல்களில் வானத்தைக் குத்திய முஷ்டி. அந்த முஷ்டியைத்தான் சற்று முன்னே சிலி நாட்டு நெடுஞ்சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே நடந்துபோய், மேளம் அடித்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால் உயர்த்தினார். "உழைக்கும் மக்கள் ஒற்றுமை ஓங்குக!" என்று தமிழில் கத்தினார். ஒரு சொல்லும் விளங்காத கூட்டம் ஆர்ப்பரித்தது. "இந்தியா! இந்தியா!" என்று குதித்தது. தோல் ஜாக்கெட் போட்ட பெரிய உடம்புக்காரன் ஒருவன் அவரைத் தூக்காத குறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டான். குறுக்கே போட்டிருந்த மரக்கட்டைகளை இழுத்து ஒதுக்கினார்கள், பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள், சாயங்காலம்வரை நகர வழியில்லை என்று கைடு இசபெல் கையை விரித்திருந்த பஸ் நகர்ந்தது. உள்ளே ஏறியபோது ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். மூன்று நாடு சுற்றிக் காட்டுகிறோம் என்று கோயமுத்தூர் டிராவல்ஸ்காரன் திரட்டிக் கொண்டுவந்த கூட்டம் அது. பெருவில் பாழடைந்த கோட்டை, சிலியில் பனிமலை, அர்ஜென்டினாவில் அருவி. "தோழர், கலக்கிட்டீங்க!" என்றார் பல் டாக்டர். அவர் பெண்டாட்டி, இத்தனை நாளும் நஞ்சப்பனின் சிவப்புத் துண்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள், எழுந்து நின்று தட்டினாள். நஞ்சப்பனின் மனைவி பொன்னாத்தாள் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்து வைத்திருந்தாள். அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. அதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்கப்புறம்தான் நடைபாதைக்கு அந்தப் பக்கத்துப் பின் சீட்டிலிருந்து சம்பத்குமார் குனிந்து காதருகில் வந்தார்.

சம்பத்குமார் மில் முதலாளி. சிங்காநல்லூர்ப் பக்கம் நூல் மில். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், இவர் ஊர் சுற்றுகிறார். விமான நிலையத்தில் முதல் நாள் பார்த்ததுமே நஞ்சப்பன் பொன்னாத்தாளிடம் முனகினார், இவன்கூட ஒரே பஸ்ஸிலா என்று. அந்த மனிதர் காதோரம் வந்து, விபூதி வாசனையோடு, மிக மெதுவாகச் சொன்னார்: "தோழர், தப்பா எடுத்துக்காதீங்க. இசபெல்கிட்டக் கேட்டேன். அவங்க லேபர் இல்லீங்களாம்." பின்னே யார் என்று கேட்டார் நஞ்சப்பன். "லாரி ஓனருங்க. ஓனருங்க சங்கம். டிரைவருங்களுக்கு இத்தனை மணி நேரம் ஓட்டினா இத்தனை மணி நேரம் கட்டாய ஓய்வு குடுக்கணும்னு சட்டம் வருதாம். கட்டுப்படியாகாதுன்னு ரோட்டை மறிச்சுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, தோளில் கையை வைத்து, "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீங்க மனசை விட்டுடாதீங்க. மொழி தெரியாத ஊரு, யாருக்கும் நடக்கறதுதான்" என்றார். சிரித்திருக்கலாமே பாவி. நக்கலடித்திருக்கலாம். எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்க, பாருங்கய்யா உங்க தோழர் யாருக்குச் செவ்வணக்கம் போட்டாருன்னு, என்று சொல்லியிருந்தால் நஞ்சப்பனும் எழுந்து நின்று அவன் அப்பன் காலத்து லாக்அவுட்டிலிருந்து ஆரம்பித்து நாறடித்திருப்பார், அதற்கு வாய் இருக்கிறது, இன்றும் இருக்கிறது. இந்த மனிதன் இரக்கப்படுகிறான். வாழ்நாளெல்லாம் ஒரு முதலாளியிடமும் கை நீட்டாதவன், இன்று ஒரு முதலாளியின் மௌனத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தோளில் அந்தக் கை பட்ட இடம் அரித்தது. சொறியவில்லை.

வாசனை வந்ததே. அதைத்தான் மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டியது. கட்டிப்பிடித்தானே அந்தப் பெரிய ஆள், அப்போது அவன் கழுத்திலிருந்து சென்ட் வாசனை வந்தது. விலை உயர்ந்த சென்ட். லாரி ஓட்டுகிறவன் உடம்பு எப்படி நாறும் என்று நஞ்சப்பனுக்குத் தெரியாதா? உக்கடத்து லாரிப்பேட்டையில் சங்கம் கட்டினபோது அவர்களோடு லாரிக்கு அடியிலே துண்டை விரித்துப் படுத்தவர்தானே. டீசலும் பீடியும் வேர்வையும் சேர்ந்த அந்த நெடி, துவைத்தாலும் போகாது. மூக்கு அங்கே நின்று ஒரு கணம் எச்சரித்தது. ஆமாம், எச்சரித்தது, இப்போது நினைத்தால் தெரிகிறது, ஆனால் காது மேளத்திலேயே இருந்தது. ஒருத்தன் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற அந்தத் தாளம். எந்த மொழியானால் என்ன, அது நம்ம தாளம்தானே என்று ரத்தம் சொல்லிற்று. லாரிகள் வேறு கழுவித் துடைத்து மின்னின. மறியலுக்கு வருகிற டிரைவர் எவன் லாரியைக் கழுவிக்கொண்டு வருவான்? ஓரமாக, சாக்கடை மேட்டில், ஒல்லியாய்ச் சில ஆட்கள் பாக்கெட்டில் கைவிட்டபடி நின்றிருந்தார்கள், கோஷம் போடாமல். களைத்துப் போயிருக்கிறார்கள் பாவம் என்று நினைத்தார். அவர்கள்தான் டிரைவர்கள். அழைத்து வந்து நிறுத்திவைக்கப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்தும் கையை ஆட்டினாரே. இன்னும் நன்றாக, இன்னும் உயரமாக, உங்களுக்காகத்தான் என்பது போல ஆட்டினாரே. கடவுளே என்று வாய்க்கு வந்தது. அந்தச் சொல்லையும் அவர் விட்டு ரொம்ப நாளாயிற்று.

வேறு எந்த நாடாக இருந்தாலும் பரவாயில்லை. அதுதான் நெஞ்சில் குத்தி நின்று வெளியே வராத முள். இருபது வயதில் அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த முதல் துண்டுப் பிரசுரங்களில் ஒன்று சிலியைப் பற்றியது. மூன்றாம் வகுப்போடு நின்றவருக்குப் பள்ளிக்கூடம் என்பதே அந்தத் துண்டுப் பிரசுரங்கள்தான். வியட்நாம், கியூபா, சிலி என்று உலகப் படத்தைப் பார்க்காமலே நாடுகளைத் தெரிந்துகொண்டார். சிலி எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு ஆட்சியைக் கொண்டுவந்தார்கள், முதலாளிகள் அதைக் கவிழ்க்க லாரிகளை நிறுத்தினார்கள், நாடு முழுக்க ரோட்டை முடக்கிப் பால் பவுடரும் மாவும் கடைக்கு வராமல் செய்தார்கள் என்று தெரியும். பின்னால் ராணுவம் வந்தது. அன்றைக்கு மில் கேட்டில் அவர்தான் கோஷம் எடுத்துக் கொடுத்தார், சிலித் தொழிலாளிக்கு வீரவணக்கம் என்று. தொண்டை கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவரே ஒரு பிரசுரம் எழுதினார், எட்டுப் பக்கம், கொச்சைத் தமிழில், அச்சுக்கோக்கிறவன் திருத்தித் திருத்திப் போட்டது. அதில் ஒரு வரி. வருஷக்கணக்காய் அரசியல் வகுப்புகளில் அவர் பெஞ்சைத் தட்டிச் சொன்ன வரி. 'ரோட்டை மறித்தவனெல்லாம் தோழன் இல்லை. மறித்தது யார் கை என்று முதலில் பார்.' அந்த வரியை எழுதியவன் அந்த நாட்டுக்கே வந்து, அந்த ரோட்டிலேயே இறங்கி, அதே லாரி முதலாளிகளின் மகன்களையோ பேரன்களையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். பார்க்கவில்லையே. ஏன் பார்க்கவில்லை? மொழி தெரியாததாலா? கேட்டிருக்கலாமே, இசபெல் பக்கத்திலேயேதானே நின்றாள், பல் டாக்டரை விட்டாவது "யாரும்மா இவங்க" என்று ஒரு வார்த்தை. கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவோம் என்ற கர்வம். பஸ்ஸில் இத்தனை நாளும் கர்வத்துக்குத் தீனி இல்லை. எல்லாரும் ஷாப்பிங் பேசினார்கள், சர்க்கரை அளவு பேசினார்கள், கூடவே வந்த சமையல் மாஸ்டர் போட்ட ரசத்தைப் பேசினார்கள். நஞ்சப்பன் என்று ஒருவன் ஜெயிலுக்குப் போனவன் என்பது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. புகையைப் பார்த்ததும் எழுந்தது நியாய உணர்ச்சி இல்லை. பசி. நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்ற பசி.

"ஏனுங்க, முறுக்கு?" பொன்னாத்தாள் டப்பாவைத் திறந்து நீட்டினாள். வேண்டாம் என்றார். "சங்கத்து குரூப்ல போட்டுட்டேனுங்க. வெண்மணிக்கும் அனுப்பிட்டேன். அதுக்குள்ள எத்தன பேரு பாருங்க!" திரை முழுக்கச் சிவப்பு முஷ்டிகள். லாரிப்பேட்டைத் தோழர் பீர்முகமது எழுதியிருந்தார், 'எல்லை கடந்த தோழமை. செவ்வணக்கம்.' பீர்முகமதுவின் மகன் தூங்காமல் லாரி ஓட்டித் தொப்பூர் கணவாயில் உருண்டவன். கட்டாய ஓய்வு கேட்டு அன்றைக்கு நடந்த ஊர்வலத்தில் நஞ்சப்பன்தான் முன்னால் நடந்தார். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடியும் ஓட விட்டுப் பார்த்தாள். மகள் வெண்மணி ஆக்லாந்தில் வேலை பார்க்கிறாள், அம்மா அப்பாவுக்கு ஒரு பயணம் என்று வருஷக்கணக்காய்க் கெஞ்சினாள், காஷ்மீர் என்றாள், சிங்கப்பூர் என்றாள், இவர் ஊர் சுற்றுகிறது வேலையில்லாத வர்க்கத்தின் வேலை என்று விரட்டினார். கடைசியில் சிலி என்ற பெயரைக் கேட்டுத்தான் வாயை மூடிக்கொண்டார். பொன்னாத்தாளுக்குச் சிலியும் வேண்டாம் எலியும் வேண்டாம், பனிமலை ஒன்று பார்த்தால் போதும். அது எங்கேயிருந்து வந்த ஆசை என்று நேற்றுத்தான் சொன்னாள், ஓட்டல் அறையில் பெட்டியை அடுக்கிக்கொண்டே, சாதாரணமாய். இவரைப் போலீஸ் பிடித்துப் போகும்போதெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பாளே, அங்கே எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர், பனிமலைப் படம் போட்டது. "உள்ள உங்களை அடிக்கற சத்தம் கேக்கும். நான் அந்த மலையவே பாத்துட்டு உக்காந்திருப்பனுங்க. அதுக்குள்ள போயி உக்காந்துக்குவேன். குளுகுளுன்னு இருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருஷமும் அவருக்கு அது தெரியாது. அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றே மேடைகளில் பேசியிருக்கிறார்.

டிரைவர் ஏன் கை கொடுக்கவில்லை? இந்தப் பஸ்ஸின் டிரைவர் ராமோன், அவரைவிடக் கொஞ்சம் இளையவன், நரைத்த மீசை. சான்டியாகோவில் ஏறின நாளிலிருந்து தினமும் காலையில் நஞ்சப்பன் அவன் கையைக் குலுக்குவார், நெஞ்சைத் தொட்டுத் தன்னைக் காட்டி, முஷ்டியைக் காட்டுவார், அவன் சிரிப்பான், பொன்னாத்தாள் முறுக்கு கொடுப்பாள், கடுக்கென்று கடித்துக்கொண்டே வண்டியை எடுப்பான். இன்று மறியலிலிருந்து திரும்பி ஏறும்போது கையை நீட்டினார். அவன் கியரைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேலையாய் இருக்கிறான் என்று அப்போது நினைத்தார். பஸ் நின்றுகொண்டல்லவா இருந்தது. நின்ற பஸ்ஸில் கியரில் என்ன வேலை? அந்தச் சட்டம் இவனுக்கும்தானே. மலைக்கும் ஊருக்கும் நாளெல்லாம் ஓட்டிவிட்டு ஓட்டல் வாசலில் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறானே, அந்தத் தூக்கம்தானே அந்தச் சட்டம். நீட்டிய கை. வாங்காத கை. கியரில் வேலை இருந்திருக்கும். இருந்திருக்காது. முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் வெயிலில் நிழலாய் விழுந்து ராமோனின் சட்டைமேல் ஆடிக்கொண்டிருந்தது.

இசபெல் மைக்கைத் தட்டினாள். முன்னால் பாலத்துக்கிட்ட இன்னொரு மறியல் இருக்கிறது, ஸ்டிக்கர் இருப்பதால் விடலாம், விடாமலும் போகலாம், நாளைக்கு விமானம், இன்று விட்டால் மலை இல்லை என்றாள். பல் டாக்டர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. "நம்மகிட்டத்தான் தோழர் இருக்காரே!" "தோழர், துண்டை எடுத்துப் போட்டு முன்னால வந்து நில்லுங்க. பாஸ்போர்ட்டே வேண்டாம், உங்க கை போதும்!" டாக்டர் பெண்டாட்டி தன் கையை முஷ்டியாக்கிக் காட்டி, "இப்படித்தானே அங்கிள்?" என்று கேட்டாள். கட்டைவிரலை உள்ளே மடக்கியிருந்தாள், குழந்தை மாதிரி. சம்பத்குமார் ஒருத்தர்தான் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அவருக்கு அலுப்பா இருக்குது போல, விடுங்களே, ஸ்டிக்கர்தான் இருக்குதுல்ல" என்றார். அதுதான். அந்த ஒரு வார்த்தைதான் நஞ்சப்பனை எழுப்பியது. இவன் எனக்கு வழி விடுகிறானா? சொல்லிவிடலாம். எழுந்து நின்று, இவர்கள் முதலாளிகள், நான் தப்பாக நினைத்துவிட்டேன், இந்தக் கை இனி எழாது, பஸ் நின்றால் நிற்கட்டும் என்று சொல்லலாம். மேடையில் இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் சொல்லியிருக்கிறார், தோற்றுப்போன ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கும்போது கல்லெறிக்கு நடுவே நின்று சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்தால் போதும். பஸ் நிற்கும். சிரித்த முகமெல்லாம் திரும்பும். இவள் மலையைப் பார்க்க மாட்டாள். ஆமாம், மலை, இவளுக்காகத்தான், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு நான் இதுகூடச் செய்யாவிட்டால். இப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அது என்ன நிம்மதி என்றும் தெரிந்தது. ஒவ்வொரு கருங்காலியும் இதைத்தானே சொன்னான், கேட்டைத் தாண்டி உள்ளே போன ஒவ்வொருத்தனும், வீட்டில் பொண்டாட்டி பிள்ளை இருக்குங்க தோழர் என்று. அவர்கள் முகத்தில் காறித் துப்பியிருக்கிறார். அதற்குள் கால்கள் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தன. துண்டு தோளில் இருந்தது. யார் எடுத்துப் போட்டார்கள்? அவரேதான்.

பாலம் வந்தது. லாரிகள், புகை, மேளம், அதே தாளம், இப்போது கேட்க வெறும் தகரச் சத்தம். ராமோன் பஸ்ஸை நிறுத்தினான். நஞ்சப்பன் அவன் சீட்டுக்குப் பக்கத்தில், முன்கண்ணாடிக்கு நேராக நின்றார். வெளியே ஒருத்தன் ஸ்டிக்கரைப் பார்த்தான், உள்ளே பார்த்தான். கை எழுந்தது. தானாக எழுந்தது என்று பின்னால் ஒருநாள் தனக்கே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார், ஆனால் இல்லை, அவர்தான் எழுப்பினார், தோளைப் பின்னுக்கு இழுத்து, மணிக்கட்டை நேராக வைத்து, கட்டைவிரலை வெளியே மடக்கி, வகுப்புகளில் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு பிழையில்லாமல். வாயும் சிரித்தது. வெளியே ஆரவாரம். கட்டைகள் நகர்ந்தன. பின்னாலிருந்து கைதட்டல். மேட்டோரம் பாக்கெட்டில் கைவிட்டு நின்றவர்களில் ஒருத்தன், கிழவன், முதலில் ராமோனைப் பார்த்துத் தலையை அசைத்தான், தெரிந்தவன் போலிருக்கிறது, அப்புறம் பக்கத்தில் உயர்ந்திருந்த முஷ்டியைப் பார்த்தான். கோபப்படவில்லை. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான், அவ்வளவுதான், வீட்டில் யாரோ உடுப்பு மாற்றும்போது தெரியாமல் உள்ளே வந்துவிட்டவன் திரும்பிக்கொள்வது போல. மேலே கண்ணாடியில் ராமோனின் கண்கள் இருந்தன. ஒரு தடவை இவரைப் பார்த்தன. பிறகு ரோட்டைப் பார்த்தன.

திரும்பி வந்து உட்கார்ந்தார். யாரோ முதுகில் தட்டினார்கள். பொன்னாத்தாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை ஓட விட்டாள், நிறுத்தினாள், இன்னொன்றை ஓட விட்டாள். மறுபடி முதலாவது.

"ஏனுங்க, இங்க பாருங்க" என்றாள் தணிந்த குரலில். "இது மொதல்ல எடுத்தது. இது இப்ப எடுத்தது. இந்த மூஞ்சி என்னங்க இது?"

"வெளிச்சம் அப்படி."

"வெளிச்சமில்லீங்க. உங்கள ரத்தத்தோட வெளிய கொண்டு வந்து விட்டப்பக்கூட நான் இந்த மூஞ்சியப் பாத்ததில்ல." அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நடுவால என்னாச்சு? அந்த மில்லுக்காரர் காதுல வந்து என்ன சொன்னாரு?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரம் காற்றில் கொஞ்சம் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது.

"அவிய முதலாளிங்க, பொன்னா."

"எவிய?"

"ரோட்டை மறிச்சவிய. லாரி முதலாளிங்க. டிரைவருங்களுக்கு ஓய்வு குடுக்கக் கூடாதுன்னு மறிக்கறாங்க."

அவள் ராமோனின் முதுகைப் பார்த்தாள். மடியிலிருந்த முறுக்கு டப்பாவைப் பார்த்தாள். அதன் மூடியை அழுத்தி மூடினாள். "மொதல்ல கை தூக்கறப்பவே தெரியுங்களா?"

"அப்பத் தெரியாது."

அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தார். வந்தால் சொல்லிவிடுவார். உனக்காகத்தான் என்று ஆரம்பிக்க மாட்டார், அதை மட்டும் சொல்லக் கூடாது, வேறு ஏதாவது. அவள் கேட்கவில்லை. போனை அணைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அந்த நேரம் பஸ் ஒரு வளைவில் திரும்ப, உள்ளே எல்லாரும் ஒன்றாகக் கூவினார்கள். வலது பக்க ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெள்ளை. ஏரிக்கு அப்பால், மேகத்துக்கு மேலே, காலண்டரில் இருப்பது போலவே. இடது பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள், ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து படம் எடுத்தார்கள். "தங்கச்சி, இந்தப் பக்கம் வாங்க, இங்க இடமிருக்குது, நல்லாத் தெரியுது!" என்று சம்பத்குமார் எழுந்து தன் சீட்டை ஒழித்துக் கொடுத்தார்.

"போய்ப் பாரு, புள்ள" என்றார் நஞ்சப்பன்.

பொன்னாத்தாள் தன் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அங்கே கம்பி வேலியும், புல்லும், தலை தூக்காமல் மேய்கிற மாடுகளும் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மலை எதிர்ப்பக்கம் இருந்தது.